பகலிலும் கரண்ட் வந்த வருடம்

செய்தி வந்தபோது பிற்பகல் மணி இரண்டு இருபது. பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஜெரார்ட் மட்டும் உட்கார்ந்து மூன்றாம் வகுப்பின் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தான். பக்கிரிசாமி சைக்கிளை வாசலில் அப்படியே சாய விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார். அவர் ஜெரார்டின் அண்ணன் சிரிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

"சார், ஓடியாங்க. சிரில் அண்ணன் அசையாம உக்காந்திருக்காரு. கை பொட்டிக்குள்ள இருக்கு. யாரும் தொடக்கூடாதுன்னு எம் பொண்டாட்டி வாசல்லயே நிக்குது."

ஜெரார்ட் நோட்டுகளை மூடவில்லை. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்ற லயத்துக்கு முந்நூறு அடிதான் இருக்கும். ஓடினான். பக்கிரிசாமியின் மனைவி குணவதி இரண்டு கைகளையும் விரித்துக் கதவை மறித்தபடி நின்றிருந்தாள். உள்ளே சிரில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது கை ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருந்தது.

ஜெரார்ட் முதலில் பார்த்தது அண்ணனின் முகத்தை அல்ல, சுவரை. சுவிட்ச் போட்டபடி இருந்தது. அதை அமர்த்திவிட்டு அண்ணனின் தோளைத் தொட்டான். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, உயிர் இல்லை என்று சிரிலின் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.

அண்ணி அகத்தா வீட்டில் இல்லை. ஒன்றரை மணி பஸ்ஸில் பீடோங் பாசாருக்கு மீன் வாங்கப் போயிருந்தாள்.

சிரிலுக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. பீடோங்குக்கும் திகாம் பத்துவுக்கும் நடுவில் இருந்த அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தார். பதினாறு வயதிலிருந்து புகைவீட்டில் ரப்பர் ஷீட்டுகளை மாட்டி இறக்கும் வேலை. அவர் எந்த அறைக்குள் வந்தாலும் சட்டையிலிருந்து புகை மணம் முதலில் வரும். "கருவாடு வந்திருச்சு" என்று மாதா கோயில் பாடகர் குழுவில் கிண்டல் செய்வார்கள். "கருவாடு இல்லாட்டி உங்க மைக்கு பாடாதுலா" என்பார் அவர்.

அது பொய்யும் இல்லை. ரேடியோ, கேசட் பெட்டி, உள்ளேயே ஆம்ப்ளிபையர் வைத்த ஸ்பீக்கர் என்று தோட்டத்தில் எது ஊமையானாலும் அவரிடம்தான் வரும். யாரிடமும் போய் அவர் அதைக் கற்கவில்லை. ஒரு பழைய ரேடியோவைத் திறந்து, மூடத் தெரியாமல் விட்டதில் தொடங்கியது. பகலில் புகைவீட்டு வேலை முடிந்து குளித்துச் சாப்பிட்டதும் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவார். எதிரே அகத்தா டார்ச் பிடிப்பாள். ஒன்றரை வோல்ட் பேட்டரியின் இரு முனைகளிலும் வயர் வைத்து ஸ்பீக்கரைத் தொட்டால், உயிருள்ள ஸ்பீக்கர் 'டொக்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்த வேலையை அகத்தாவுக்கே விட்டுவிடுவார்.

"டாக்டரம்மா, நாடி பாருங்க."

"பொழைச்சுக்கும். ஆனா கம்பவுண்டர் சரியில்ல."

பதினைந்து வருடம் அவள் அப்படி டார்ச் பிடித்தாள். எந்த வயர் எங்கே போகிறது என்று அவரைவிடச் சீக்கிரம் சொல்லிவிடுவாள். அதை அவர் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவார்.

அவர் வேலை செய்த விதம் அந்தத் தோட்டத்துக்கே உரியது. லயங்களுக்குக் கரண்ட் கொடுத்தது தோட்டத்து எஞ்சின். மாலை ஆறரைக்கு ஓட்டுவார்கள், இரவு பத்துக்கு நிறுத்துவார்கள். பகலில் சுவருக்குள் இருந்தது வெறும் செம்புக் கம்பி. அதனால் சிரில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் பிளக்கைப் பிடுங்கியதில்லை. ஈயம் உருக்கும் இரும்பைக்கூடக் கரி அடுப்பில்தான் காய வைப்பார். எல்லாவற்றையும் கோத்து வைத்துவிட்டு ஆறரைக்காகக் காத்திருப்பார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பெட்டி பேசினால் வேலை சரி.

லயத்தில் யாருமே சுவிட்சை அமர்த்தியதில்லை. போட்டபடியே விட்டுவிடுவார்கள். மாலையில் நாற்பத்தெட்டு வீட்டு ரேடியோவும் ஒரே நேரத்தில் அலறும்போதுதான் பெண்கள் அரிசி களைவார்கள். சுவிட்சை அமர்த்துவது, வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறவர்கள் செய்வது.

எண்பத்து நான்காம் ஆண்டு நிர்வாகம் எஞ்சினை நிறுத்தியது. வெளியிலிருந்து லைன் வந்தது. இரவும் பகலும் கரண்ட்.

"அண்ணே, இனிமே பிளக்கப் புடுங்கிட்டு வேலை செய்ங்க" என்று ஜெரார்ட் சொன்னான். ஒரு தடவை அல்ல, வாரத்துக்கு ஒரு தடவை.

"வாத்தியாரு வகுப்பு எடுக்குறாரு அகத்தா, கைய கட்டிக்க" என்று சிரித்தார் சிரில். ஆனாலும் தம்பிக்காக ஒரு மாற்றம் செய்தார். விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குக் கிளம்பும்போதே சுவர் சுவிட்சை அமர்த்தினார். "காலையிலயே அமுக்கிட்டா அன்னைக்கு முழுக்கப் பயம் இல்ல. போதுமாடா?" பிளக்கைப் பிடுங்க மட்டும் கை பழகவில்லை. கரி அடுப்பும் மாறவில்லை. மூன்று மாதம் அப்படியே போயிற்று.

அன்றைக்குத் திறந்திருந்தது கோயில் ஸ்பீக்கர். எலி கடித்த வயரை எடுத்துவிட்டுப் புது வயர் போட்டுக்கொண்டிருந்தார். காலையில் வழக்கம்போல் சுவிட்சை அமர்த்திவிட்டுத்தான் போயிருந்தார். பால்மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு மதியம் வந்த அகத்தா, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று அவசரமாக ரவிக்கைக்கு இஸ்திரி போட்டாள். இஸ்திரிப் பெட்டியும் ஸ்பீக்கரும் அந்தச் சுவிட்சிலிருந்து இழுத்த ஒரே பிளக் கட்டையில் இருந்தன. இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி வைத்தாள். சுவிட்சைப் போட்டபடியே விட்டுவிட்டுப் போனாள்.

இதையெல்லாம் ஜெரார்ட் யாரும் சொல்லாமலேயே தெரிந்துகொண்டான். பிளக் கட்டைக்குப் பக்கத்தில் இஸ்திரிப் பெட்டி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. சுவிட்சை அமர்த்திய விரல் அவனுடையது. போட்ட விரல் யாருடையது என்று தெரிந்ததும் அவன் ஒருவனுக்குத்தான்.

நான்கு மணிக்கு அகத்தா மீன் பொட்டலத்தோடு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பெண்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள். இரவு அழுகை ஓய்ந்த நேரத்தில் குணவதி கேட்டுவிட்டாள். கெட்ட எண்ணத்தில் அல்ல, வாய் அடங்காமல்.

"ஏன்க்கா, போறப்ப சுவிட்ச பாத்துட்டுப் போயிருக்கக்கூடாதா?"

அகத்தா நிமிர்ந்து ஜெரார்டைப் பார்த்தாள். அவன் உடனே சொன்னான்: "சுவிட்ச் ஆஃப்லதான் இருந்துச்சு. நான்தானே மொதல்ல பாத்தேன். பொட்டிக்குள்ள கபாசிட்டர்னு ஒண்ணு இருக்கு. கரண்ட் நின்னாலும் அதுல தேங்கி நிக்கும். அதான் அடிச்சிருச்சு."

வாத்தியார் சொன்னதால் எல்லாரும் தலையாட்டினார்கள். அகத்தா மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் அடக்கம் முடிந்தது. ஆண்கள் பக்கமும் பெண்கள் பக்கமும் நிறைந்து, கோயிலுக்கு வெளியேயும் கூட்டம் நின்றது. ஸ்பீக்கர் இல்லாததால் பாதிரியார் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது. பின்வரிசைக்கு அதுவும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஜெரார்டுக்குத் தூக்கம் குறைந்தது. லயம் முழுக்க இன்னும் பழைய பழக்கத்திலேயே இருந்தது. ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, வெள்ளைத்தாளில் பெரிய எழுத்தில் எழுதினான். 'பகலிலும் கரண்ட் இருக்கிறது. எதைத் திறந்தாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கவும்.' மொத்தம் நாற்பத்தேழு தாள். பசைக் கிண்ணத்தோடு வீடு வீடாகப் போய் ஒட்டினான். அண்ணன் வீட்டை மட்டும் தாண்டிப் போனான். அந்தத் தாளை அண்ணி தினமும் பார்த்தால் என்றைக்காவது யோசித்துவிடுவாள் என்று பயந்தான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்தார்கள். அகத்தா தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏன் தம்பி, எல்லா வீட்டுலயும் ஒட்டியிருக்க. எங்க வீட்டுக்கு மட்டும் ஒட்டல?"

"தாள் பத்தல அண்ணி."

"நாப்பத்தேழு வீட்டுக்குப் பத்துச்சு. நாப்பத்தெட்டாவது வீட்டுக்குப் பத்தல."

அவன் எழுந்துகொள்ளப் பார்த்தான்.

"அந்தப் பொட்டியில கபாசிட்டர் என் கட்டைவிரல் தண்டிதான் இருக்கும்" என்றாள் அகத்தா. "உங்க அண்ணன் ஸ்குரூடிரைவர வச்சு அத டப்புன்னு வெடிக்க வச்சு என்னப் பயமுறுத்துவாரு. ஒரு தடவ என் கையிலயும் பட்டிருக்கு. அது கடிக்கும். கொல்லாது."

"அண்ணி..."

"இஸ்திரிப் பொட்டியப் புடுங்குனேன். சுவிட்ச அமுக்கல. பஸ்ஸு பாதி வழி போறப்பவே ஞாபகம் வந்துச்சு. கரண்ட் பில்லுதான ஏறும்னு நெனைச்சேன். அவரு நெனப்பு வரல." அவள் குரல் உயரவில்லை. "நீ சொன்ன அன்னைக்கே தெரியும் எனக்கு. நீ எனக்காகப் பொய் சொல்றன்னு தெரிஞ்சுதான் வாயை மூடிக்கிட்டேன். ஒரு மாசமா மூடி வச்சிருக்கேன். இனி முடியல தம்பி."

ஜெரார்ட் அழுதான். அண்ணன் செத்த அன்றுகூட அவன் அப்படி அழவில்லை. "நான் இன்னும் கத்திச் சொல்லியிருக்கணும் அண்ணி. பிளக்க நானே புடுங்கி எறிஞ்சிருக்கணும்."

"நீயும் இந்தப் பாரத்தத் தூக்கிக்காத. தூக்குறதுக்கு நான் ஒருத்தி போதும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் ஒரு தாள் எழுதிக் குடு. சின்னதா எழுதாத, பெருசா எழுது. சுவிட்சு பக்கத்துலயே ஒட்டிக்கிறேன். நாளைக்குக் கொண்டா."

"கொண்டாரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு எழுந்தான்.

அன்று மாலையே பள்ளிக்கூடத்தைத் திறந்து, மேசையில் தாளை விரித்து, மையைத் தொட்டு எழுத உட்கார்ந்தான். நாற்பத்தேழு தடவை தடையில்லாமல் ஓடிய கை, அண்ணி கேட்ட தாளில் ஓடவில்லை.

அந்தத் தாள் இன்னும் பள்ளிக்கூட அலமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. அதில் 'பகலிலும்' என்ற ஒரு சொல் மட்டும் எழுதியிருக்கிறது.