உடைப்புக்குள்ளே நாலு கை

இதைச் சொல்லும்போது எல்லாரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், பொய்யா என்று. நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்னிலம் பக்கம் ஒரு ஊர். பேர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த ஊர் வாய்க்கால் முழுக்க மண் கரை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கருங்கல் போட்டு அடைத்திருக்கும். அந்த இடத்தில் நான் நின்றேன். டார்ச் என் கையில் இருந்தது. பார்த்ததை மட்டும் சொல்கிறேன். என் கணவரைக் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார்.

நான் ரசியா பேகம். கணவர் அப்துல் ஜலீல். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மகள் மைமூனுக்கு அப்போது நாலு வயது. கொரோனாவில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில் அவர் பெர்மாகல்ச்சர் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். உழ வேண்டாம், உரம் வேண்டாம், நிலத்தை அதன் போக்கில் விட்டால் அதுவே சோறு போடும் என்றார். எனக்கும் ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன். பெரம்பூர் ஃபிளாட்டை விற்றோம். 2021 தை மாதம் இங்கே மூன்று ஏக்கர் வாங்கினோம்.

விற்றவர் பழைய பண்ணையாரின் பேரன். ஊர்ப்பக்கம் வந்தே பல வருடம் ஆன ஆள். பட்டா, சிட்டா எல்லாம் சுத்தமாக இருந்தது. தரகர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்த நிலத்தைத் தலைமுறை தலைமுறையாக, முதலில் கூலிக்கும் அப்புறம் குத்தகைக்கும், உழுத குடும்பம் ஒன்று பக்கத்துக் காலனியில் இருந்தது. யார் சாகுபடி என்று எழுதும் அடங்கலில் அவர்கள் பெயரை ஒரு வருடம்கூட ஏற்றவில்லை. நாங்கள் வேலி ஊன்றியபோதுதான் நிலம் விற்றுப்போன சேதியே அவர்களுக்குத் தெரிந்தது.

அந்தக் குடும்பத்துப் பெண்மணி காளியம்மாள். ஐம்பது தாண்டியவர். முதல் நாள் வேலிக்கு வெளியே வந்து நின்றார்.

"எத்தன நாளைக்கு இருப்பீங்க?"

"இங்கயேதான்க்கா இருக்கப் போறோம்" என்றேன்.

சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

அந்த மண்ணையே குழைத்துச் சுவர் வைத்து, நாட்டு ஓடு போட்டு வீடு கட்டினோம். காலனியிலிருந்துதான் ஆட்கள் வந்தார்கள். காளியம்மாளும் வந்தார். தங்கள் கை உழுத நிலத்தில் கூலிக்கு நின்றார்கள். அது எங்களுக்கு உறைக்கவே இல்லை. அவர்களோடு சேர்ந்து நின்று போட்டோ எடுத்துப் போட்டோம்.

அப்போதுதான் முதலில் கவனித்தேன். எங்கள் நிலத்தின் மேற்கு ஓரம் வாய்க்கால் கரை. புல்லுக்கட்டு சுமந்து வரும் பெண்கள் கரை மேலேயே நடந்து வருவார்கள். ஒரு இடம் வந்ததும் வாய்க்காலுக்குள் இறங்குவார்கள். முழங்கால் தண்ணீரில் பத்தடி நடப்பார்கள். மறுபடி கரை ஏறுவார்கள். தலையில் சுமை இருந்தாலும் சரி, இடுப்பில் பிள்ளை இருந்தாலும் சரி.

"பாம்புப் பொந்து இருக்கும்" என்றார் ஜலீல்.

வைகாசியில் அதே இடத்தை அவர் தோண்டினார். வாய்க்காலிலிருந்து குழாய் பதித்து உள்ளே ஒரு குட்டைக்குத் தண்ணீர் கொண்டுவரத் திட்டம். நிலத்தைக் கீறவே கூடாது என்று பேசியவர், கரையைக் கீறினார்.

காளியம்மாள் ஓடி வந்தார்.

"பாய், அந்த எடத்துல கை வைக்காதீங்க."

"ஏன்?"

"வேணாம்."

"காரணம் சொல்லுங்க."

"சொன்னா மட்டும் விடுவீங்களா?"

போய்விட்டார். நிலம் போன எரிச்சல் என்று ஜலீல் நினைத்துக்கொண்டார். நானும்தான்.

மறுநாள் காலை பள்ளம் மூடியிருந்தது.

மண்வெட்டியால் மூடியது மாதிரி இல்லை. கையால் அள்ளி அள்ளி வைத்து, தட்டித் தட்டி அடைத்திருந்தது. ஐந்து விரலும் பதிந்த தடம். வரிசையாக.

ஜலீல் மறுபடி தோண்டினார். மறுபடி மூடியிருந்தது. மூன்றாவது தடவையும் அப்படித்தான். ஒரு நாள் சுபுஹு தொழுகைக்கு எழுந்து கைகால் கழுவி ஒலு செய்யப் பின்பக்கம் வந்தேன். வெளிச்சம் இன்னும் வரவில்லை. கரைப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீருக்குள் ரொம்ப நேரம் முங்கிக் கிடந்தவன் தலையைத் தூக்கினால் மூச்சு இழுப்பானே... அந்தச் சத்தம்.

ஒரே ஒரு தடவை. ஹ்ஹாஆ...

அப்புறம் இல்லை.

அவரிடம் சொன்னேன். "காலனிப் பசங்கதான். நம்மள மிரட்டி ஓட்டப் பாக்குறாங்க" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் போலீசில் எழுதிக் கொடுத்தார். காளியம்மாளின் இரண்டு மகன்களையும் கூட்டிப்போய் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்து அனுப்பினார்கள். பெரியவனுக்கு உதடு கிழிந்திருந்தது.

அன்றிலிருந்து காலனியில் ஒருவரும் எங்கள் வேலைக்கு வரவில்லை. எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குழாய் பதிக்கவும் ஆள் கிடைக்கவில்லை. பாதி தோண்டிய கரை அப்படியே நின்றது. இந்தத் தடவை அதை மூடவும் இல்லை யாரும்.

நவம்பர் மாதம். இரண்டு நாளாக விடாத மழை. வாய்க்கால் கரை முட்ட ஓடியது. அன்று சாயங்காலம் கரண்ட் போனது. மஃரிப் தொழுதுவிட்டு எழுந்தேன். மணி ஆறு நாற்பது இருக்கும். மேற்கே ஒரு சத்தம்.

கொளக்... கொளக்... கொளக்...

"மச்சான், கரை கசியுது!"

மைமூனைக் கட்டிலில் உட்கார வைத்து, செல்போனில் படம் போட்டுக் கொடுத்துவிட்டு ஓடினோம். அவர் கையில் மண்வெட்டி. என் கையில் டார்ச்சும் பழைய சாக்குகளும். அவர் தோண்டிய அதே இடம். தண்ணீர் ஆள் அகலத்துக்கு வாய் பிளந்து எங்கள் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காலனியில் தெரிந்த நம்பருக்கெல்லாம் கூப்பிட்டேன். எவரும் எடுக்கவில்லை. ஏன் எடுக்க வேண்டும்?

அவர் உடைப்பில் இறங்கினார். இடுப்பளவு தண்ணீர். நான் சாக்கில் மண் அள்ளித் தள்ளினேன். போட்டதெல்லாம் அடித்துக்கொண்டு போனது. அவர் வெட்டி வெட்டிப் போட்டார். தொப்... தொப்... தொப்...

கொஞ்ச நேரத்தில் சத்தம் மாறியது.

தொப் என்று அவர் போடுவதற்கும் அடுத்த தொப்புக்கும் நடுவே இன்னொரு சத்தம். சளப். கையால் அள்ளி எறியும் மண். உடைப்பின் அந்தப் பக்கத்திலிருந்து.

யாரோ வந்துவிட்டார்கள் என்று எனக்கு உயிர் வந்தது.

"யாருங்க?"

சளப். சளப்.

தண்ணீர் சட்டென்று அடங்கியது. நாங்கள் போட்ட மண்ணுக்கு அது அடங்கவே கூடாது. உள்ளே குறுக்கே எதையோ வைத்து நிறுத்தின மாதிரி நின்றது. ஜலீல் இன்னும் வேகமாக வெட்டிப் போட்டார்.

அப்போதுதான் பார்த்தேன். ஈர மண்ணின் மேல் என் நிழல். எனக்கு முன்னால் விழுந்திருந்தது.

டார்ச் என் கையில் இருக்கிறது.

அப்படியென்றால் எனக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சம் யாருடையது?

மஞ்சள் வெளிச்சம். மண்ணெண்ணெய் வாடை. லாந்தர் ஆடுவது மாதிரி என் நிழல் இப்படியும் அப்படியும் ஆடியது.

நான் திரும்பவில்லை. என்னால் முடியவில்லை.

காதுக்குப் பின்னால் ஒரு குரல். நிதானமான குரல்.

"போடு."

ஜலீல் போட்டார்.

"போடு."

போட்டார்.

அப்புறம்... மண்ணுக்குக் கீழிருந்து. இளம் வயசுக் குரல். வாயில் தண்ணீர் புகுந்து பேசுகிற மாதிரி.

"போதும்ப்பா..."

ஜலீலின் கை நின்றது.

"ரசியா... நீ பேசுனியா?"

"இல்ல."

அவர் காலை நகர்த்திப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"கீழ ஆளு கெடக்கு... முதுகு... ரசியா, ஆளு கெடக்கு!"

"போடு" என்றது பின்னால்.

அவர் மண்வெட்டியை வீசி எறிந்தார். குனிந்தார். இரண்டு கையாலும் மண்ணைத் தோண்ட ஆரம்பித்தார். நாய் பறிக்கிற மாதிரி.

"எவன்டா எடுக்குறது? போடுறா!"

டார்ச்சை அவர் மேல் அடித்தேன்.

அவர் கை இரண்டு.

பக்கத்தில் இன்னும் இரண்டு.

கிழட்டுக் கைகள். தோல் சுருங்கிய, நரம்பு புடைத்த கைகள். அவையும் தோண்டிக்கொண்டிருந்தன. முழங்கை வரைதான் தெரிந்தது.

அதற்கு மேல் மழைதான் இருந்தது.

நாலு கை. தோண்டின. தோண்டின.

ஜலீல் எதையோ பிடித்தார். இழுத்தார்.

ஹ்ஹாஆ...

அதே மூச்சு.

கரை உடைந்தது.

பின்னால் வெளிச்சம் அணைந்தது.

தண்ணீர் எங்கள் இரண்டு பேரையும் வயலுக்குள் உருட்டிக்கொண்டு போனது. எப்படி எழுந்தோம், எப்படி வீட்டுக்கு ஓடினோம் என்று நினைவில்லை. மைமூனைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதும் பின்சுவர் கரைந்து உட்கார்ந்தது. ரோட்டில் வந்த ஒரு லோடு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டுபோய் நன்னிலம் பள்ளிவாசலில் விட்டார். வண்டியில் ஜலீல் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புடிச்சேன் ரசியா. மணிக்கட்டு. அவனும் என்னப் புடிச்சான்."

அவர் மணிக்கட்டில் ஐந்து விரல் தடம் சிவந்திருந்தது. நான் முந்தானையால் அதை மூடினேன்.

தண்ணீர் வடிந்து, மிச்சம் மீதி சாமான் எடுக்க நான் மட்டும்தான் போனேன். அவர் வரவில்லை. உடைப்பில் கருங்கல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். காளியம்மாள் அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்கள் கிளறிய சேற்றைப் பார்த்தபடி.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"எங்க அண்ணன். இராஜாங்கம். பத்தொம்பது வயசு" என்றார். "எழுபத்தேழு புயல் வருசம். கூலி நெல்லு கூடக் கேட்டு, நாங்க யாரும் வேலைக்குப் போகாம இருந்த நேரம். இந்தக் கரை ஒடைஞ்சிச்சு. பண்ணையோட சம்பா முழுக்க இந்தப் பக்கம். பண்ணையோட காரியக்காரன் லாந்தரோட வந்தான். அடைச்சுக் குடுங்க, கூலியும் ஏத்துறோம், குடியிருக்க மனையும் எழுதித் தர்றோம்னான். நம்பிப் போனாங்க."

சேற்றில் ஒரு கட்டியை எடுத்து விரலால் உதிர்த்துப் பார்த்தார்.

"தண்ணி வேகத்துல மண்ணு நிக்கல. அண்ணன் குறுக்க படுத்துகிட்டான். மேல வைக்கலும் மண்ணும் போடுங்க, தண்ணி நின்னதும் என்னய இழுத்துடுங்கன்னான். போட்டது எங்க அப்பா, ரெத்தினம். தண்ணி நின்னுச்சு. அப்பா இழுக்கக் குனிஞ்சாரு. எடுத்தா மறுபடி ஒடையும், போடுன்னான் காரியக்காரன். அவன்கூட அருவாளோட நாலு பேரு."

"அப்பா...?"

"போட்டாரு."

மறுநாள் வெள்ளத்தோடு போய்விட்டான் என்று எழுதி முடித்தார்களாம். கூலி ஏறவில்லை. மனை வரவில்லை. ஆட்சி மாறி மாறி வந்தது. கொடி மாறியது. எல்லாக் கட்சியும் வந்து கும்பிட்டு ஓட்டு வாங்கிக்கொண்டு போனது. கரையைத் தோண்டிப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

"எங்க வீட்டுக்காரரு இழுத்தாருக்கா" என்றேன். "நான் பாத்தேன். இழுத்தாரு."

"நாப்பத்தி நாலு வருசம் கழிச்சு இழுத்தா என்ன, இழுக்காட்டி என்ன."

கிளறிய மண்ணில் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை என்றார். ஒன்றுகூட இல்லை. நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

நிலத்தை அதே பேரனுக்கே, அவன் சொன்ன விலைக்கு விற்றோம். இப்போது ஆவடியில் வாடகை வீடு. அதை விடுங்கள்.

அன்று எழுந்து கிளம்பும்போது, ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு இது தெரியுமாக்கா? இப்ப அவரு..."

அப்போதுதான் காளியம்மாள் என் முகத்தைப் பார்த்தார்.

"அப்பா அன்னிக்குத்தான் செத்துப் போனாரு. நீங்க சொல்ற அதே சாயங்காலம். ஆறு வருசமாக் கட்டில்ல கெடந்தவரு. கை ரெண்டும் வெளங்காது, கஞ்சிகூட நான்தான் ஊட்டணும். ஏழரைக்குக் கஞ்சி எடுத்துட்டுப் போனேன். மூச்சு இல்ல."

"அக்கா..."

"உடம்பு சுடச்சுட இருந்துச்சு. கை மட்டும் சில்லுன்னு. முழங்கை வரைக்கும் களிமண்ணு. நகக்கண்ணுலயெல்லாம். கூரை ஒரு சொட்டு ஒழுகல. குளுப்பாட்டுறப்ப நாலு பேரு தேய்ச்சோம், சீயக்காப் போட்டும் தேய்ச்சோம். போகல."

பக்கத்தில் இறக்கி வைத்திருந்த புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"அப்படியேதான் எடுத்துட்டுப் போனோம்."