கல் இடுக்கில் வைத்த தாலிக் குண்டு

தொலைந்த நகை ஒன்று கையில் கிடைத்தால் என்ன செய்யணும் என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். எடுத்த இடத்திலேயே நின்று ஊருக்குக் கேட்கிற மாதிரி கத்திவிட வேண்டும். நான் அன்றைக்குக் கத்தவில்லை.

குரும்பலூர் பக்கம் ஒருவரின் மேட்டு நிலத்துக் காட்டில் சின்ன வெங்காயத்தில் காய்ந்த தாளை அறுத்துவிடுகிற வேலை. எங்களை வேலைக்குக் கூட்டிப் போகிற அக்காவோடு எட்டு வருசமாகப் போய்க்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள். அன்று சாயங்காலம் மற்றவர்கள் கை கழுவப் போய்விட்டார்கள். நான் குவியலைத் தள்ளும்போது சருகுக்குள் மினுக்கென்றது. தாலிக் குண்டு, தாலிக் கொடியில் கோக்கிற தங்க மணி. முந்தின நாள் காட்டுக்காரர் மருமகள் எங்களோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் அறுத்தது. அதனுடையதாகத்தான் இருக்கும்.

காட்டுக்காரர் வீட்டில் உடனே கொடுக்கலாமென்றால் அந்த வீடு பூட்டியிருந்தது. எல்லாரும் அரியலூருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள்.

"அக்கா, ஒங்கிட்ட அவங்க நம்பர் இருக்குல்ல? போன் போட்டுச் சொல்லேன்."

"கல்யாண வூட்ல இருக்கறவங்களப் பதற வைக்கணுமாடி? காலையில வந்துருவாங்க."

"அதுவரைக்கும் நான் வச்சிருக்கவா?"

"ஏண்டி, கண்டெடுத்த தங்கத்த வூட்டுக்குள்ள கொண்டு போவியா? அதுவும் இன்னொருத்தி தாலிக் குண்ட? ஒனக்கும் புருசன் இருக்கான்."

அதைக் கேட்டதும், குண்டைச் சேலையில் முடியப் போன கையை எடுத்துவிட்டேன். கண்டெடுத்த தங்கம் ஆகாது என்று சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். வெங்காயத்தைக் கொட்டிச் சேமிக்கிற பட்டறைக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த கல் இடுக்கை அவள்தான் காட்டினாள். காகிதத்தில் மடித்து அதில் வைத்தேன். "காலையில ரெண்டு பேருமா எடுத்துக் குடுப்போம்" என்றாள்.

வீட்டுக்கு வந்தும் நிலைகொள்ளவில்லை. எலி இழுத்துப் போய்விடுமோ, மழை வந்துவிடுமோ என்று அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மனுசரைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை.

காலையில் போனால் காட்டுக்காரர் வீட்டம்மா பட்டறை ஓரம் நிற்கிறார்கள். கையில் நான் மடித்த காகிதம். பக்கத்தில் அக்கா.

"என்னம்மா, வேலைக்கு வந்த எடத்துல இதுவேற நடக்குதா?"

"இல்லைங்கம்மா, குடுக்கத்தான் வச்சேன். அக்காகிட்ட கேளுங்க. அதுதான் இங்க வைக்கச் சொல்லுச்சு."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. சேலையில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டிக்கொண்டே, "நான் எதுக்குடி சொல்லப்போறேன்?" என்றாள்.

"நீ எடுத்து ஒளிச்சு வச்சிருக்கன்னு நேத்து சாயங்காலமே ஒங்க அக்கா போன்ல சொல்லிருச்சு. அது சொல்லலன்னா யாருக்குத் தெரியும்?" என்றார்கள் அந்தம்மா.

நேற்று சாயங்காலமே. அப்படியென்றால் என்னை பஸ் ஏற்றிவிட்டு, "கவலப்படாமப் போ" என்று கையாட்டிவிட்டு, அடுத்த வேலையே அதுதான் செய்திருக்கிறாள்.

நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். திருடி என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். அதற்கப்புறம் எந்தக் காட்டுக்குப் போனாலும், நான் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவள் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஏன் அப்படிப் போன் பண்ணினாள் என்று அக்காவைக் கேட்கவும் எனக்கு தைரியம் இல்லை. பயந்துதான் முந்திக்கொண்டாளோ, அந்த வீட்டில் நல்ல பேர் வாங்கவோ, இன்றுவரை தெரியாது. அஞ்சாவதோடு நின்றவளுக்கு ஆளைப் படிக்கவும் தெரியவில்லை.

போன மாசம் செந்துறைக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்கா. மடியில் பேத்தி. பிள்ளையின் கால் கொலுசு கழன்று என் காலடியில் விழுந்தது. யாருடையது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்து நின்று கத்தினேன்.

"கண்டக்டர் சார்! இங்க கொலுசு கெடக்கு! எல்லாரும் பாத்துக்குங்க, நான் தொடல!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் வந்து குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

அக்கா திரும்பினாள். "நீயே எடுத்துக் குடுத்திருக்கலாம்லடி?"

"வேணாங்க்கா" என்றேன்.

அவள் கொலுசைப் பிள்ளை காலில் மாட்டினாள். திருகாணியைத் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டே இருந்தாள். நான் இரண்டு கையையும் மடிமேல் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு, என் ஊர் வரும்வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.