எங்கள் தண்ணீரைப் பற்றிய காகிதம்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு அடித்துத் தரச் சொல்லி வருபவர்களுக்கு எத்தனையோ அடித்துக் கொடுத்திருக்கிறேன். எனக்காக ஒன்று அடித்தது, அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்ட பிறகுதான்.

அண்ணன் கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரிலேயே விவசாயம் பார்த்தார். வாரத்துக்கு இரண்டு நாள் மதுரை வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு, என் கடை பெஞ்சில் சற்று நேரம் படுத்துவிட்டு ஊருக்குக் கிளம்புவார். எங்கள் தெருவிலேயே அவரைப் போல இன்னும் மூன்று பேர். தண்ணீர்தான் காரணமா என்று மருத்துவரிடம் கேட்டேன்.

"இருக்கலாம். டெஸ்ட் பண்ணாமச் சொல்ல முடியாது" என்றார்.

டெஸ்ட் ஏற்கனவே பண்ணியிருந்தார்கள். சில வருஷங்களுக்கு முன் அரசாங்க ஜீப்பில் இருவர் வந்து, ஊருக்கே தண்ணீர் தரும் போர்வெல்லில் பாட்டில் பாட்டிலாகப் பிடித்துப் போனார்கள். ஜீப் வரை அவற்றைத் தூக்கிக் கொடுத்ததே அண்ணன்தான். முடிவு என்ன என்று யாரும் வந்து சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்த முடிவைக் கேட்டுத்தான் மனு போட்டேன். ஒரு அலுவலகம் இன்னொன்றுக்கு அனுப்பியது. அந்த இன்னொன்று, கோப்பு தங்களிடம் இல்லை என்றது. கடைசியில் பரிசோதனை நடந்த இடத்திலிருந்து ஒரு வரிப் பதில் வந்தது. இது மூன்றாம் தரப்பு பற்றிய தகவல், தர இயலாது.

பெஞ்சில் படுத்திருந்த அண்ணனுக்கு அதைப் படித்துக் காட்டினேன். எழுந்து உட்கார்ந்தார்.

"குடிக்கிறது நாமடா. அப்ப மொத ரெண்டு தரப்பு யாரு?"

மேல்முறையீட்டு விசாரணைக்கு நான் மட்டும் போனேன். அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

"ரிப்போர்ட் வெளிய போனா ஜனங்க பயந்துருவாங்க சார். நீங்க படிச்சவரு, புரிஞ்சுக்கங்க."

"பயப்பட வேண்டிய மாதிரி இருக்கா சார்?"

அவர் என் மனுவைத் திருப்பிப் பார்த்தபடி இருந்தார். நானும் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். எழுந்து நின்று சத்தம் போட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

அடுத்த மேல்முறையீடு சென்னையிலுள்ள தகவல் ஆணையத்துக்கு. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. அதற்குள் அண்ணன் போய்விட்டார். அவருக்குக் கருமாதி முடிந்து மதுரையில் கோச்சடையிலுள்ள என் வீட்டுக்குத் திரும்பிய வாரம்தான் விசாரணைக்கான கடிதம் கிடைத்தது. விசாரணை பத்து நிமிஷத்தில் முடிந்தது. கொடுக்கச் சொல்லி உத்தரவு.

வந்தது ஒரே ஒரு தாள். குடிக்க உகந்த நீரல்ல என்று கீழே தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தேதியைப் பார்த்தேன். அண்ணன் முதன்முதலாக வயலில் மயங்கி விழுந்ததற்கு இரண்டு வருஷம் முந்தைய தேதி.

கிராமசபைக் கூட்டத்தில் எழுந்து அதை வாசித்தேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். "தீர்மானம் போட்டுருவோம்ணே" என்றார். போட்டார்கள். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரிடம் நகல் கொடுக்கப் போனேன். அவருடைய உதவியாளர் வாங்கி, மேஜையில் அடுக்கியிருந்த மற்ற நகல்களின் மேல் வைத்தார். அவ்வளவுதான். ஆறு மாதம் ஆயிற்று. போர்வெல் அதேதான், மோட்டாரும் அதேதான்.

சென்ற வாரம் ஊருக்குப் போனபோது மதினியிடம் ஒரு நகலைக் கொடுத்தேன். மெதுவாக எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இம்புட்டு நாளும் அவுகளுக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும் மதினி."

"சரி, இப்ப எனக்கும் தெரியும். வேற எதக் குடிக்கச் சொல்றீக?"

தெருவில் பெண்கள் குடங்களோடு போய்க்கொண்டிருந்தார்கள். தாளை மடித்து அலமாரியில் வைத்துவிட்டு அவரும் இரண்டு குடங்களை எடுத்தார். ஒன்றை நான் வாங்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.