முதுகு காட்டி உட்கார்ந்தவள்

அன்று மேசையைச் சுற்றி நின்றவர்கள்: ரஷ்யாவில் கசான் பக்கமிருந்து வந்த தாதார் இனத்து மேடம். பர் துபாயில் எங்கள் நடன உடைக் கடையின் மேனேஜர். தையல் மாஸ்டர். அவர் கையாளான நான். மேசை மேல் ஆறு பொம்மைத் தலைகள், ஆறிலும் நாங்கள் தைத்த காசுக் குல்லா. மேடம் ஒரு தலையைத் திருப்பினார். பின்னால் இரண்டு நாடா, நடுவில் ஒரு சாண் வெறும் இடம். கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நாளில் எனக்கு ஊருக்கு டிக்கெட். முப்பது நாள் லீவு. மகளுக்குப் பதினான்கு மாதம், போனில்தான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கண்காட்சிக்கு ஆறு குல்லா கேட்டு மேடம் பழைய படங்களின் நகல் கொடுத்திருந்தார். அந்தக் காலத்தில் எவரோ வெளியூர்க்காரர் வரைந்த தாதார் பெண்கள். தலை முழுக்க மீன் செதில் போலக் காசு, நெற்றி ஓரத்தில் பவளம், கன்னத்தில் சரம். எல்லோரும் நம்மைப் பார்த்தே நிற்கிறார்கள். ஒரு படத்தில் மட்டும் மூலையில் ஒருத்தி முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் குல்லாவிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை ஒரு பட்டை இறங்கியது. அதிலும் காசு. மாஸ்டரிடம் காட்டினேன்.

"ஏலே, முதுகக் காட்டிக்கிட்டு இருக்கவள எவம்ல பாப்பான்? நீ காசத் தை" என்றார்.

மாஸ்டர் இருபது வருஷமாகப் பரதநாட்டியத் தலைச்சாமான் கட்டுகிறவர். அவர் கணக்கில் தலைக்குப் பின்பக்கமே கிடையாது. பின்னால் சடை வரும், சடையை மூடப் பூ வரும், நாடாவை முடிந்தால் வேலை முடிந்தது. மறுபடியும் சொன்னேன். "அப்ப நீ மாஸ்டரா இருந்துக்கோ" என்றார். வாயை மூடிக்கொண்டேன். அதுதான் என் தப்பு.

மேடம் ஆங்கிலத்தில் சொன்னதை மேனேஜர் தமிழில் சொன்னார். கல்யாணமான பெண்ணின் முடி ஒன்றுகூட வெளியே தெரியக் கூடாதாம். சடையை மறைக்கத்தான் அந்தப் பட்டையே. நாங்கள் சடைக்கு ஜன்னல் வைத்துக் கொடுத்திருந்தோம்.

"பூ வச்சா மறஞ்சிருமே, சார்" என்றார் மாஸ்டர்.

மேனேஜர் அதை மேடத்திடம் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பி, "பட்டை முடியாம லீவு மாஃபி" என்றார். மாஃபி என்றால் இங்கே அரபியில் 'இல்லை'.

ஆறு பட்டை. ஒன்றுக்கு முந்நூறு தகரக் காசு. ஒவ்வொன்றும் கையால். மாஸ்டர் குல்லாவைப் பிரித்து மூடினார், பட்டை முழுக்க என் தலையில். போனில் மனைவி, "எவளோ முதுகுக்குக் காசு தைக்கதுக்கு எம்புள்ள காத்துக் கெடக்கணுமாக்கும்?" என்றாள். போனை வைத்துவிட்டுக் காசைத் தைத்தேன். லீவில் பத்தொன்பது நாள் போனது. திரும்பும் தேதி மட்டும் மாறவில்லை. பள்ளி ஆண்டுவிழா ஆர்டர்கள் இருந்தன.

மாஸ்டர் இன்றும் பக்கத்து மிஷினில்தான் இருக்கிறார். தப்பு என்று இதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. படம் வரைந்தவனைத்தான் திட்டுவார். "முன்னாடியே நின்னு வரைஞ்சிருக்கான், சோம்பேறிப் பய. ஒரு சுத்து சுத்தி வந்தா காலு தேஞ்சிருமா?"

ஊரில் நான் பதினொரு நாள் இருந்தேன். என்னைக் கண்டாலே மகள் அழுதாள். அழாமல் என் மடியில் வந்து உட்கார்ந்தது ஒன்பதாம் நாள்.

மீதி இரண்டு.