பனிச்சரிவில் ஒரு மூச்சு

போன வாரம் மந்தைவெளியில் கீரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். எதிர்ச்சாரியில் ஒரு பையன், எங்கிருந்தோ தேடிப்பிடித்த பழைய மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினான். நீலப் புகை. பெட்ரோலில் ஆயில் கலந்து எரியும் அந்த வாசனையை மோந்து எத்தனை வருஷமாயிற்று. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் மல்லிகைக் கூடை முன்னால் நிற்கிறாற்போல இழுத்து இழுத்து மூச்சு வாங்கினேன். “இன்னாம்மா, மயக்கமா கீதா உனுக்கு?” என்றாள் கீரைக்காரி. “இல்லம்மா, பனிமலை ஞாபகம் வந்துடுத்து” என்றேன். கிழவிக்கு முற்றிவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் ஏறிய பெரிய மலை திருப்பதி, அதுவும் பஸ்ஸில்.

சொல்கிறேன், கேளுங்கள். தொண்ணூறுகளில், கேபிள் டிவி தெருவுக்குத் தெரு முளைத்த நாட்களில், கோடம்பாக்கத்தில் ஒரு சின்ன டப்பிங் தியேட்டரில் எனக்கு வேலை. வெளிநாட்டு நிகழ்ச்சிகளின் டேப் வரும். ஓட்டிப் பார்த்து, வாயசைவுக்குப் பொருந்தத் தமிழ் எழுதிக் கொடுக்க வேண்டும். முதலை மானைப் பிடிக்கும், வெள்ளைக்காரர் கேக் சுடுவார், எல்லாவற்றுக்கும் தமிழ் என்னுடையது. பனியில் ஓடும் வண்டியில் செங்குத்தான மலைச்சரிவைக் குறுக்காகக் கடப்பது எப்படி என்று ஒரு டேப் வந்ததும் அப்படித்தான். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் சுழலும் ஒரு பட்டை, மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில். மெட்ராஸில் இதை எவன் பார்ப்பான் என்று கம்பெனி ஆளைக் கேட்டேன். “வெயில் காலம் மேடம். ஜனங்களுக்குக் குளுகுளுன்னு இருக்கும்” என்றார். எழுத உட்கார்ந்தேன். அம்மாவோ, “ஃப்ரிட்ஜ்லேர்ந்து ஐஸ் தட்டைப் பேத்தெடுக்கவே நோக்கு வராது. நீ பனிமலைக்கு எழுதறயாக்கும்” என்றாள்.

குரல் கொடுக்க வந்தவர் ரங்கன். மேற்கு மாம்பலம். அதுவரை அவருக்குக் கிடைத்ததெல்லாம் கும்பல் குரல். ‘ஓடுங்க, வர்றாங்க’, ‘ஐயோ பாவம்’, ‘தலைவர் வாழ்க’. பத்துப் பேரோடு பதினோராவது ஆளாக மைக் முன்னால் நின்று கத்துவார். இரண்டாவது படிக்கும் அவர் பெண், டிவி முன்னால் உட்கார்ந்து, “இதுல எதுப்பா நீ?” என்று கேட்பாளாம். பள்ளிக்கூடத்தில் யாரும் நம்புவதில்லை என்று அழுவாளாம். இந்த டேப்பில்தான் முதல் தடவையாக ஆரம்பம் முதல் கடைசிவரை அவர் ஒருவரே பேச வேண்டும். “கண்ண மூடிக்கினு கேட்டாக்கூட ‘இதுதான் எங்கப்பா’ன்னு எம்பொண்ணு சொல்லணும் மேடம். அது போதும் எனக்கு” என்றார். குரலை மாற்ற மாட்டேன், சொந்தக் குரலில்தான் பேசுவேன் என்று அடம். எனக்கு அந்த அடம் பிடித்திருந்தது.

டேப்பில் வருகிறவரும் ஒரே ஆள்தான். ஹெல்மெட்டுக்குள் சின்ன மைக், முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி. வாயசைவுத் தொல்லை இல்லை என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு அதுவே பிடிக்காமல் போயிற்று. முகமில்லாத ஒருவன் நாள் முழுக்கக் காதுக்குள் பேசினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? பேரையும் எங்கேயும் சொல்லவில்லை.

அவன் சொன்ன வித்தை இதுதான். சரிவைக் கடக்கும்போது உட்காரக் கூடாது. எழுந்து, இரண்டு காலையும் மேட்டுப் பக்கத்துப் படியிலேயே வைத்து நிற்க வேண்டும். உடம்பின் கனத்தால் வண்டியை மேட்டை நோக்கிச் சாய்த்தால் அதன் ஓரம் பனியில் பதிந்து பிடித்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டர் முறுக்கு ஒரே சீராக இருக்க வேண்டும். பயந்துபோய் விட்டுவிட்டால் வண்டி தட்டையாகிப் பள்ளத்தில் வழுக்கும். ஆசைப்பட்டு முறுக்கினால் மேலே ஏறிக் கவிழும். கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டி போகும், ஆகையால் பள்ளத்தைப் பார்க்காதே, போய்ச் சேர வேண்டிய இடத்தைப் பார்.

“ஃபுட்போர்டு அடிக்கிறதுதானே மேடம், ஒரே பக்கமா ரெண்டு காலு” என்று ரங்கன் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஹேண்டில் விஷயத்தில்தான் சண்டை. “மேட்டுப் பக்கம் சாயணும்னா ஹேண்டில பள்ளத்துப் பக்கம் திருப்பணுமா? இன்னா மேடம், தப்பா எழுதிக்கினு வந்துட்டீங்களா?” எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. டேப்பை ஓட்டிக் காட்டினேன். உண்மையிலேயே அப்படித்தான், ஹேண்டில் பள்ளத்தைப் பார்க்கத் திரும்பினால்தான் வண்டி மேட்டுப் பக்கம் சாய்கிறது. “நம்ம பொழப்பு மாதிரியே கீது” என்றார் ரங்கன். சமாதானமாயிற்று.

டேப்பில் பேச்சும் சத்தமும் ஒரே தடத்தில் இருந்தன. பேச்சை எடுத்தால் மற்றதும் போய்விடும். ஆகவே மலை முழுவதையும் கோடம்பாக்கத்தில் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. சவுண்ட் இன்ஜினியர் இக்பால் பாய் ஆரோரூட் மாவைத் துணிப்பையில் கட்டிக் கையால் பிசைந்தார். கண்ணை மூடிக்கொண்டால் பனியில் ஆள் நடக்கும் சத்தம். எஞ்சினுக்கு, வாசலில் ஆட்டோவை நிறுத்தி முறுக்கச் சொன்னார். அந்தப் புகை தியேட்டருக்குள் வந்து ஏ.சி. குளிரோடு கலந்து நின்றது. பனிமலை என்றால் எனக்கு இன்றும் அந்த வாசனைதான்.

கடைசிப் பகுதிக்கு வந்தோம். ஒரு நேரத்தில் ஒருவர்தான் சரிவைக் கடக்க வேண்டும், மற்றவர்கள் ஓரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவன் சொல்கிறான். கடக்குமுன் எஞ்சினை நிறுத்திக் காது கொடு, பனிக்கடியில் பொத்தென்று சத்தம் வந்தால் திரும்பிவிடு. சொல்லிவிட்டு எஞ்சினை நிறுத்துகிறான். வெள்ளைத் திரை, அசையாத ஒரு கறுப்பு ஹெல்மெட். இக்பால் பாய் திடீரென்று டேப்பை நிறுத்தினார். “எனக்குக் கேக்குதும்மா” என்றார். சத்தத்தைக் கூட்டி மறுபடி ஓட்டினார். பொத். மூவருக்கும் கேட்டது. ஹெல்மெட்டுக்குள் இருந்த அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. எஞ்சினைக் கிளப்பினான்.

“போவாத நைனா” என்றார் ரங்கன், திரையைப் பார்த்து.

பாதிச் சரிவில் மலையே நகர்ந்தது. படம் வெள்ளையானது, பிறகு இருட்டு. ஆனால் ஹெல்மெட் மைக் வேலை செய்துகொண்டிருந்தது. பனிக்கடியில் அவன் மூச்சு மட்டும், டேப் தீரும்வரை. அவனைத் தோண்டி எடுத்தார்களா இல்லையா என்று டேப்பில் இல்லை. கம்பெனி ஆளுக்கு ஃபோன் போட்டேன். “அடுத்த டேப்ல வரும் மேடம். மூச்சையும் டப் பண்ணிடுங்க” என்றார் சாவகாசமாக.

டப்பிங்கில் ஒரு வழக்கம் உண்டு. செத்துப்போகிறவனுக்குக் குரல் கொடுத்தால், முடித்ததும் உயிரோடு ஒரு வார்த்தை மைக்கில் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சாவு குரல் கொடுத்தவனோடு ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். ரங்கன் எப்போதும் தன் பெண் பேரைச் சொல்வார். அன்று, “ஆளு செத்தானா, பொழைச்சானா?” என்று கேட்டார். யாருக்குத் தெரியும்? “அப்ப நான் சொல்ல மாட்டேன். சொன்னா அவனச் சாவடிச்ச மாதிரி ஆயிடும்” என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ரங்கன் மைக் அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூச்சு விட்டார். இக்பால் பாய் கை காட்டியதும் நிறுத்தினார். ஹெட்போனைக் கழற்றி மைக் ஸ்டாண்டிலேயே மாட்டிவிட்டு, வெளியே வந்து, என் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்தார். ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு போட்டுக் கேட்டோம். ரங்கன் மூச்சு, ஹெட்போன் கழற்றும் சத்தம், கதவு சாத்தும் சத்தம், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அந்தக் காலி அறையில் மூச்சு மறுபடி ஆரம்பித்தது.

“ஹெட்போன்லேர்ந்து வெள்ளக்காரன் மூச்சு கசிஞ்சு மைக்ல விழுந்திருக்கும்மா. அவ்ளோதான்” என்றார் இக்பால் பாய். ரங்கன் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “இது நான் இல்ல மேடம்” என்றார். நீங்கள் எப்படி இருக்க முடியும், இங்கேதானே நின்றீர்கள் என்று அதட்டினேன். பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பாகவே இல்லை. கேபிள்காரர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள், அடுத்த டேப்பும் வரவில்லை. சாயங்காலம் ஆனால் பெண்ணை டிவி முன்னால் உட்காரவைத்து ரங்கன் காத்திருந்தது எனக்குத் தெரியும். மறுபடி கும்பல் குரலுக்கே போனார். பெண் கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் நெஞ்சுவலி, போய்ச் சேர்ந்துவிட்டார். பாவம், அவருக்கு நடந்தது அநியாயம்.

இரண்டு வருஷம் முன்பு அவர் பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அப்பாவின் அதே தாடை. “அப்பா குரல் எங்ககிட்ட எதுலயுமே இல்ல ஆன்ட்டி. என் கல்யாண வீடியோலகூட நாதஸ்வரம்தான் கேக்குது” என்றாள். தமிழைச் சரிபார்க்க இக்பால் பாய் எடுத்துக் கொடுத்த கேசட் ஒன்று என்னிடம் இருந்தது. ஆனால் அதன்மேல் எங்கள் அம்மா பஜனையைப் பதிந்து வைத்திருந்தாள். பஜனை முடிந்த பிறகு மிஞ்சியது கடைசித் துண்டுதான்.

போட்டேன். ரங்கன் மூச்சு வந்தது. அவள் முகத்தில் ஒன்றுமில்லை. “இது யாரு ஆன்ட்டி?” என்றாள். கழற்றும் சத்தம். கதவு. அப்புறம் அந்த மற்ற மூச்சு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

“இதுதான் எங்கப்பா. மூச்ச விட்டு முடிக்கிறப்ப மூக்குல சின்னதா விசில் வரும். பக்கத்துல படுத்துக்கினு எவ்ளோ நாள் கேட்டிருக்கேன்.”

நான் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். அவள் அந்தத் துண்டைத் தன் ஃபோனில் பிடித்துக்கொண்டு, என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது அடுக்கு வீடுகள். இக்பால் பாய் காலமாகிவிட்டார். அந்தக் கம்பெனி ஆள் எங்கே போனார் என்று தெரியவில்லை. அந்த மூச்சு ஓடிய நேரத்தில் ரங்கன் வெளியே, என் பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார் என்று சாட்சி சொல்ல, இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.