தண்ணீரைப் பற்றிய கேள்விகள்

அச்சரப்பாக்கத்து ரெஜினாவுக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பதுதான் பிழைப்பு. சமூகவியல் ஆய்வு நடத்துபவர்கள் எழுதித் தரும் கேள்விகளை ஒரு சொல்கூட மாற்றாமல் படிக்க வேண்டும். ஆறுதல் சொல்லக் கூடாது. புருஷன் அடிப்பதைப் பற்றிப் பெண்ணிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும். நடுவில் யாராவது வந்துவிட்டால், உடனே குடிதண்ணீர்க் கேள்விகளுக்குத் தாவிவிட வேண்டும்.

கேளம்பாக்கத்தில் வசந்தி என்ற பெண்ணிடம், "வூட்டுக்காரர் உங்கள அடிச்சிருக்காரா?" என்று கேட்டாள். வசந்தி வாய் திறப்பதற்குள் அவளுடைய புருஷன் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"தண்ணி எங்கருந்து வருது?" என்றாள் ரெஜினா.

"லாரிலக்கா."

"காய்ச்சிக் குடிப்பீங்களா?"

"ஆமாக்கா."

அவன் எழுந்து போகவில்லை. போகாவிட்டால் என்ன செய்வது என்று குளிரூட்டிய அறையில் விதி எழுதிய புண்ணியவான்கள் எழுதி வைக்கவில்லை. ரெஜினா விதியை மீறி, குடம் பிளாஸ்டிக்கா, எவர்சில்வரா என்றெல்லாம் சொந்தமாகக் கேட்டுப் பார்த்தாள். அவன் அசையவே இல்லை.

வேறு வழியில்லாமல் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வசந்தி தரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "தண்ணியப் பத்தி இன்னும் எதனா கேளுக்கா."