மீன்களுக்காக ஒரு சமன்பாடு

எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. அந்த வீட்டிலிருந்துதான் நான் தினமும் கிளம்பிப்போய் மீன்களைக் கொன்றுகொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு வங்காளத்தில் துறைமுக வேலை. பாலிகஞ்சில் ஒரு மாடி வீட்டில் இருந்தோம். நான் வேதியியல் முடித்துவிட்டு, சால்ட் லேக்கில் புதிதாக எழும்பியிருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தேன். சுற்றிலும் மணலும் நாணலும் பாதி கட்டிய வீடுகளும்தான். தொழிற்சாலைகள் ஆற்றில் விடும் ரசாயனங்களில் எது எவ்வளவு நஞ்சு என்று கண்டுபிடிப்பது எங்கள் பிரிவின் வேலை. ஒரு வரிசைக் கண்ணாடித் தொட்டிகள், தொட்டிக்குப் பத்து ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள். ரசாயனத்தை வெவ்வேறு அளவில் கலந்துவிட்டு நான்கு நாள் பார்க்க வேண்டும். எந்த அளவில் பாதி மீன்கள் சாகின்றனவோ, அதுதான் அந்த ரசாயனத்தின் எண்.

சாயங்காலம் கதவைத் திறக்கும்போதே அம்மா கேட்பாள். "ஏட்டி, இன்னைக்கு எத்தனை?"

"முப்பதும்மா."

"முருகா! நேரா குளிக்கப் போ. ஒண்ணையும் தொட்டுராத."

என்னோடு வேலை பார்த்தவர் ஒரு வங்காளி. என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர். நான் அவரைத் தாதா, அதாவது அண்ணா, என்பேன்; அவர் என்னைத் தீதி, அக்கா, என்பார். காலையில் செத்த மீன்களை எண்ணி எழுதிவிட்டு, மதியம் டிபன் டப்பாவைத் திறந்து மீன் குழம்பைப் பிசைந்து சாப்பிடுவார். நான் பார்க்கிற பார்வையைப் பார்த்து, "தீதி, அது ஆபீஸ், இது வாழ்க்கை" என்பார்.

மீன்கள் ரசாயனத்தால் செத்தால்கூடப் பரவாயில்லை, கணக்கில் சேரும். அந்த நாட்களில் மின்சாரம் சொல்லாமல் போகும், சொல்லாமல் வரும். லோட்ஷெடிங் ஆனால் தொட்டிகளில் காற்றுக்குமிழி நின்றுவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு குவளையோடு ஓடி ஓடித் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கலக்குவோம். அப்படியும் பாதி செத்துப்போகும். நான்கு நாள் உழைப்பு வீண். மறுபடி புது மீன்கள், மறுபடி முதலிலிருந்து.

அப்படி ஒரு வீணான வாரத்தில்தான் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டினேன். ஒரு ரசாயனம் தண்ணீரைவிட எண்ணெயில் எவ்வளவு அதிகம் கரைகிறதோ, அந்த அளவுக்கு அது மீனின் உடம்புக்குள் எளிதில் புகும். அந்த ஓர் எண்ணை வைத்தே, நஞ்சின் கடுமையை ஒரு சமன்பாட்டால் முன்கூட்டியே சொல்லலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எங்களிடம் ஏற்கெனவே சோதித்த ரசாயனங்களின் எண்கள் நோட்டு நோட்டாக இருந்தன. செத்தவை செத்துவிட்டன, அவற்றின் சாவு இனிமேல் சாகப்போகிறவற்றையாவது காப்பாற்றட்டுமே!

கணிப்பொறியில் போட்டு நாமும் ஒரு சமன்பாடு எடுக்கலாம் என்று தாதாவிடம் சொன்னேன். "கம்ப்யூட்டருக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்?" என்றார். ஆனாலும் அந்த மழைக்காலம் முழுவதும் என்னோடு நின்று மூடிபோட்ட கண்ணாடிப் புனல்களைக் குலுக்கியவர் அவர்தான். எண்ணெய்க்குப் பதிலாக ஆக்டனால் என்ற திரவம். அதையும் தண்ணீரையும் ஒன்றாக ஊற்றி, ரசாயனத்தைப் போட்டு, கை வலிக்கக் குலுக்கி, எந்தப் பக்கம் எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்தோம்.

நகரத்தின் தென்கோடியில் ஒரு கணிப்பொறி மையம் இருந்தது. எங்கள் கூடத்துக்கு வாரத்தில் ஒரு நாள் அங்கே அனுமதி. அங்கே சொந்த ஜெனரேட்டர், குளிர்ந்த அறை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். எண்களையும் கட்டளைகளையும் அட்டைகளில் துளை போட்டுக் கொடுத்தால், அடுத்த வாரம் விடை வரும். முதல் வாரம் எனக்கு வந்த விடை ஒரே வரி: ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது. அந்தக் காற்புள்ளிக்காக ஏழு நாள் காத்திருந்தேன்.

இரண்டாம் முறை பேருந்தில் போகும்போது அட்டைகளைச் செருப்பு டப்பாவில் அடுக்கி மடியில் வைத்திருந்தேன். இறங்கும் நேரம் நடத்துநர் வண்டியின் பக்கவாட்டைத் தட்டி, "ஆஸ்தே, லேடீஸ்!" மெதுவாக, பெண்கள் இறங்குகிறார்கள் என்று கத்தினார். ஓட்டுநர் மெதுவாக நிறுத்துவதற்குப் பதில் சடக்கென்று நிறுத்தினார். டப்பா பறந்தது. பேருந்து முழுக்க அட்டைகள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் வண்டி நகரவில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து இருக்கைகளுக்கு அடியில் குனிந்தார்கள். வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் ஓர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "என்னம்மா இது, லாட்டரியா?" என்றார்.

"இல்லை மேஷோமஷாய், எந்த ரசாயனத்துல எத்தனை மீன் சாகும்னு மெஷின்கிட்ட கேக்கறேன்."

மீன் என்ற சொல் போதாதா? பேருந்தே பேச ஆரம்பித்துவிட்டது. எந்த மீன், எந்த ஆறு, இந்த வருடம் ருசி ஏன் குறைந்துவிட்டது. பின்னாலிருந்து ஒருவர், "எதை வேணா கொல்லுங்க, இலிஷ் மீனை மட்டும் விட்டுடுங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஓர் அட்டைகூடக் குறையவில்லை. ஓரத்தில் வரிசை எண் அடித்திருந்ததால், மையத்தின் படிக்கட்டில் உட்கார்ந்தே அடுக்கிவிட்டேன்.

அடுத்த வாரம் விடை வந்தது. பச்சைக் கோடு போட்ட அகலத் தாளில் எங்கள் சமன்பாடு. வரைபடத்தாளில் புள்ளி வைத்துப் பார்த்தோம். ஒரு குச்சியை வைத்தாற்போல எல்லாம் நேர்கோட்டை ஒட்டியே விழுந்தன. தாதா தாளைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார்.

"பழைய கணக்குக்குப் பொருந்தும் தீதி. இதுவரைக்கும் சோதிக்காததுக்குச் சொல்லட்டும் பார்ப்போம்."

புதிதாக ஐந்து ரசாயனங்களை எடுத்தோம். ஐந்துக்கும் சமன்பாடு சொன்ன எண்களைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி அலமாரியில் வைத்தேன். ஐந்தும் சரியாக வந்தால் அவர் ஒரு வாரம் என் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். வராவிட்டால் நான் மீன் குழம்பு. துணிச்சலாக ஒப்புக்கொண்டுவிட்டேன், அம்மாவிடம் மூச்சு விடவில்லை.

சோதனை முடிந்து உறையைப் பிரித்தோம். நான்கு ரசாயனங்கள் எழுதியதற்கு வெகு அருகில் வந்தன. ஐந்தாவது, பாச்சை உருண்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை போன்ற ஒன்று, காலை வாரிவிட்டது. பாதி மீன்கள் சாகும் என்று சமன்பாடு சொன்ன அளவில், பத்தும் குதியாட்டம் போட்டன. இரண்டு மடங்கு போட்டோம். அப்போதும் அப்படியே.

"சர்ஷே பாட்டாவா, ஜோலா?" கடுகு அரைத்ததா, வெறும் குழம்பா என்று தாதா அன்போடு விசாரித்தார்.

அன்று வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டியதும் அம்மா முகத்தைச் சுளித்தாள். "ஏட்டி, நாள் முச்சூடும் பீரோவுக்குள்ளயா உக்காந்திருந்த? சேலையெல்லாம் பாச்சை உருண்ட நாத்தம்!"

குளியலறைப் பக்கம் போனவள் அப்படியே நின்றேன். அது ஏன் என் சேலையில் இருக்கிறது? தண்ணீரில் அல்லவா இருக்க வேண்டும்! திறந்த தொட்டி, மேலே சுழலும் மின்விசிறி, உள்ளே ஓயாத காற்றுக்குமிழி. நாங்கள் கலந்த நஞ்சை நாங்களே ஊதி ஊதி வெளியேற்றிக்கொண்டிருந்தோம். மீன்கள் குடித்தது வெறும் தண்ணீர். அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

"குளிக்காம தொடாதட்டி!" என்று கத்தினாள்.

மறுநாள் காலை ஓடாத குறையாகப் போய்ச் சொன்னேன். தாதா போய்ப் பெரிய ஜாடிகளையும் கண்ணாடி மூடிகளையும் தேடி எடுத்து வந்தார். விளிம்புவரை தண்ணீர், ஜாடிக்கு இரண்டே மீன்கள், தினமும் புதிதாகக் கலவை. நான்காம் நாள் உறையிலிருந்த தாளை மறுபடி எடுத்தவரும் அவர்தான். தாளையும் ஜாடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். எழுதியிருந்த அளவில் சரியாகப் பாதி மீன்கள் செத்திருந்தன.

"தீதி, மெஷினுக்கு மீனைப் பத்தித் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தொட்டியைப் பத்தித் தெரியல."

செத்த மீன்களுக்கு முன்னால் நின்று சந்தோஷப்பட்டேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் சந்தோஷப்பட்டேன். எங்கள் இயக்குநர் அந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இனி எல்லா ரசாயனங்களையும் முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்பது, சந்தேகம் உள்ளதை மட்டும் மீனில் சோதிப்பது என்று உத்தரவு போட்டார். கணக்குக்கு அடங்காத ரசாயனங்களும் பின்னால் வரத்தான் செய்தன. அவை அந்த நேர்கோட்டை விட்டு ஏன் விலகின என்று தேடித் தேடிப் பார்த்தோம். அதில் தனி ருசி இருந்தது. தொட்டிகளில் முக்கால்வாசி காலியாயின.

பந்தயத்தைக் கேட்டதும் அம்மா, நான் எதை வைத்துப் பந்தயம் கட்டினேன் என்பதை விட்டுவிட்டு, ஜெயித்ததை மட்டும் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் தாதாவுக்கென்று தனி டப்பா. திங்கட்கிழமை தயிர்சாதத்தை மருந்துபோல விழுங்கினார். புதன்கிழமை புளியோதரையை ரசித்து மென்றார். வெள்ளிக்கிழமை தேங்காய்ப்பால் சொதிக்கு டப்பாவை வழித்துவிட்டு, "நாளைக்கு சனிக்கிழமை, லீவு" என்று வருத்தமாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு மணி அடித்தது. வாசலில் தாதாவும் அவர் மனைவியும், கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு. சொதி எப்படி வைப்பது என்று அண்ணிக்குத் தெரிய வேண்டுமாம். அம்மாவுக்கு வங்காள மொழியில் நாலு வார்த்தை, அண்ணிக்குத் தமிழ் ஒன்றுமில்லை. இருவரும் அடுக்களைக்குள் போய், தேங்காயை உடைத்துவிட்டார்கள்.